வாசகர் கேள்வி – பதில்: வானுயர் கட்டடமும் வலிமை மிகு கொங்கிறீற்றும்

இம்மாதம் கிடைத்த கடிதங்களில் ஐந்து ஒரே பொருளைப் பற்றியவையாக இருந்தன. வானளாவிய கட்டடங்களுக்குப் பெயர்போன ஊரன்று நமது திருகோணமலை. ஆனால் அத்தகைய கட்டடங்களை எழுப்புவதற்காக வளைகுடா நாடுகளுக்கும் கொழும்புக்கும் சென்று உழைப்பவர்கள் இல்லாத கிராமம் இம்மாவட்டத்தில் இல்லை எனலாம். சீனக்குடாவிலே சீமெந்து ஆலையும் நம் கண்முன் நிற்கிறது. ஆகவே இக்கேள்விகள் இங்கிருந்து எழுவது இயல்பே. கட்டடப் பொறியியலாளனாக முப்பது ஆண்டுகள் வேலைத்தலங்களில் நின்றவன் என்ற முறையில், இவற்றுக்குச் சற்று விரிவாகவே விடையளிக்க விரும்புகிறேன்.

கேள்வி: என் மகன் டுபாயில் கட்டட வேலை செய்கிறான். அங்கே அடித்தளத் தூண்களுக்குப் போடும் கொங்கிறீற்று, நம் ஊரில் வீட்டுக்குப் போடுவதைப் போல மூன்று மடங்கு பலமானது என்கிறான். சீமெந்து, மணல், கல், தண்ணீர் இவைதானே கொங்கிறீற்று? அதற்குள் அப்படி எதைத்தான் போடுகிறார்கள்? – உப்புவெளியிலிருந்து ஒரு தாய்

உங்கள் மகன் சொன்னது சரிதான், அம்மா. அந்த மூன்று மடங்கு எப்படி அளக்கப்படுகிறது என்பதை முதலில் சொல்லிவிடுகிறேன். கொங்கிறீற்றுப் போடும் அன்றே அதில் கொஞ்சம் எடுத்து, பக்கத்துக்கு 150 மில்லிமீற்றர், அதாவது ஆறு அங்குலம் கொண்ட கனச்சதுரக் கட்டிகளாக வார்த்து, நீரில் ஊறவிட்டு, 28ஆம் நாளில் இயந்திரத்தில் வைத்து நசுக்கிப் பார்ப்பார்கள். 25 தரம் என்று நாம் சொல்லும் கொங்கிறீற்றுக் கட்டி, சதுர மில்லிமீற்றருக்கு 25 நியூற்றன் தாங்க வேண்டும்; கட்டி முழுவதற்குமாகக் கணக்கிட்டால் அது ஏறத்தாழ 57 தொன். கல் நிறைத்த பெரிய டிப்பர் ஒன்று, வண்டியும் சுமையுமாக 25 தொன் என்று வைத்தால், உள்ளங்கை இரண்டில் அடங்கும் அந்தக் கட்டியின் மேல் இரண்டேகால் டிப்பரை ஏற்றியதற்குச் சமம். 80 தரக் கட்டியோ ஏழு டிப்பருக்கு மேல் தாங்கும். பொதுவாக 55க்கு மேற்பட்டதையே இன்று வலிமை மிகு கொங்கிறீற்று என்கிறோம்.

அதற்காக அவர்கள் செய்யும் முதல் வேலை, தண்ணீரைக் குறைப்பது. சீமெந்து காய்ந்து இறுகுவதில்லை. தண்ணீரோடு வினைபுரிந்தே இறுகுகிறது. அந்த வினைக்கு வேண்டிய நீர், சீமெந்தின் நிறையில் கால் பங்குக்கும் சற்றுக் குறைவே. எஞ்சிய நீர் கலவையை இளக்கிக் கொடுத்துவிட்டுப் பின்னர் ஆவியாகிப் போகிறது. போன இடமெல்லாம் கண்ணுக்குத் தெரியாத துளை. துளை கூடினால் பலம் குறையும். இந்த உறவை அமெரிக்கரான டஃப் ஏப்ரம்ஸ் 1918இல் வெளியிட்டார். நூறு ஆண்டுகள் கடந்தும் அதுவே இத்தொழிலின் அடிப்படை விதி. வீட்டு வேலையில் 50 கிலோ சீமெந்துப் பைக்கு 25 முதல் 30 லீற்றர் நீர் விடுகிறோம். வானுயர் கட்டடத் தூணுக்கோ 13 முதல் 16 லீற்றர் வரையே விடுவார்கள்.

அவ்வளவு குறைந்த நீரில் கலவை ஈர மணலைப் போல உதிர்ந்து நிற்குமே என்று கேட்பீர்கள். புட்டுக்கு மாக் குழைக்கும்போது சில இடங்களில் மா கட்டிபட்டு, நீரைத் தனக்குள் அடைத்து வைத்துக்கொண்டு, பக்கத்து மாவை உலரவிடுவதைப் பார்த்திருப்பீர்கள். சீமெந்துத் துகள்களும் அப்படியே ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்டு நடுவிலே நீரைச் சிறைவைக்கின்றன. 1960களில் ஜப்பானிலும் ஜேர்மனியிலும் உருவாக்கப்பட்ட இளக்கிகள் என்னும் திரவங்கள் இந்தக் கட்டிகளை உடைக்கின்றன. அவற்றின் மூலக்கூறுகள் ஒவ்வொரு துகளின் மேலும் படிந்து, ஒன்றை மற்றது நெருங்கவிடாமல் தள்ளுகின்றன. அடைபட்டிருந்த நீர் விடுபட்டதும் கலவை கூழ்போல ஓடத் தொடங்குகிறது. எனது கருத்தில், உயர்ந்த கட்டடங்களின் வரலாற்றை மாற்றிய பொருள் சீமெந்தைவிட இந்தத் திரவமே.

அடுத்தது சிலிக்காத் தூள். சிலிக்கன் உலோகமும் இரும்புக் கலப்பும் உருக்கும் உலைகளின் புகையில் பிடிக்கப்படும் இத்தூள், சீமெந்துத் துகளைவிட ஏறத்தாழ நூறு மடங்கு நுண்ணியது. சீமெந்து நிறையில் 5 முதல் 10 வீதம் வரை சேர்த்தால், துகள்களுக்கிடையேயுள்ள வெளியை நிரப்புவதோடு, சீமெந்து இறுகும்போது வீணே மிஞ்சுகின்ற சுண்ணாம்பையும் பிணைப்புப் பொருளாக மாற்றிவிடுகிறது. நுரைச்சோலை அனல்மின் நிலையத்தில் கிடைக்கும் நிலக்கரிச் சாம்பலும் இதே வகையான வேலையைச் சற்று மெதுவாகச் செய்யக்கூடியது.

கல்லைப் பற்றியும் ஒரு சொல். நசுக்கிய கட்டியின் துண்டைக் கையில் எடுத்துப் பாருங்கள். சாதாரணக் கொங்கிறீற்றில் வெடிப்பு கல்லைச் சுற்றி வளைந்து போயிருக்கும். கல் முழுசாகப் பிதுங்கி நிற்கும், அது இருந்த குழி எதிர்த்துண்டில் வழவழவென்று தெரியும். 80 தரக் கட்டியிலே வெடிப்பு கல்லையே இரண்டாகப் பிளந்துகொண்டு நேராகச் சென்றிருக்கும். முகம் கத்தியால் வெட்டியதுபோல இருக்கும். முதன்முதலில் அத்தகைய துண்டைக் கையில் பிடித்தபோது எனக்கு ஏற்பட்ட வியப்பு இன்னும் மறையவில்லை. பசை கல்லைவிடப் பலமாகிவிட்ட நிலையில் கல்லின் தரமே எல்லையாகிறது என்பதால், உறுதியான கருங்கல்லைத் தேர்ந்து, முக்கால் அங்குலத்துக்குப் பதிலாக அரை அங்குல அளவில் உடைத்துப் பயன்படுத்துவார்கள்.

கேள்வி: உயர்ந்த கட்டடங்களை உருக்கினாலேயே கட்டலாமே, ஏன் கொங்கிறீற்று? அவ்வளவு பலம் உண்மையிலேயே தேவைப்படுகிறதா? – உயர்தர வகுப்பு மாணவர், திருகோணமலை

தம்பி, கணக்கொன்று போட்டுப் பார்ப்போம். முப்பது மாடிக் கட்டடத்தின் ஒரு தூண், மாடிக்கு 50 தொன் வீதம் அடியில் 1,500 தொன் தாங்குகிறது என்க. பாதுகாப்புக்கு இடம்விட்டு, கட்டியின் பலத்தில் பத்தில் நான்கு பங்கை மட்டும் பயன்படுத்துவோம். கம்பியின் பங்கை இப்போதைக்கு மறந்துவிடுவோம். 25 தரக் கொங்கிறீற்றானால் தூணின் ஒவ்வொரு பக்கமும் ஏறத்தாழ 4 அடி வேண்டும். 80 தரமானால் 2 அடி 3 அங்குலம் போதும். கீழ்மாடியில் வாகனம் நிறுத்தவோ கடை நடத்தவோ இருப்பவருக்கு, ஒவ்வொரு தூணைச் சுற்றியும் மீளும் அந்த இடமே காசு. அதற்கும் மேலாக, தூண் மெலிந்தால் கட்டடத்தின் சொந்த நிறை குறைகிறது, நிறை குறைந்தால் அத்திவாரம் சிறுக்கிறது.

உருக்கா கொங்கிறீற்றா என்பதற்கு எல்லா நாட்டுக்கும் பொருந்தும் ஒரே விடை இல்லை. 1998இல் நிறைவுற்ற கோலாலம்பூரின் பெற்றோனாஸ் இரட்டைக் கோபுரங்கள் 452 மீற்றர் உயரமும் 88 மாடிகளும் கொண்டவை. மலேசியாவில் அளவு பெரிய உருக்கு வளைகளை இறக்குமதி செய்வது செலவு மிக்கதாகவும், அந்நாட்டுத் தொழிலாளர் கொங்கிறீற்றில் கைதேர்ந்தவர்களாகவும் இருந்தமையால், தூண்களையும் நடுவிலுள்ள சுவர்க்கூட்டையும் கொங்கிறீற்றிலேயே அமைத்தனர். கோபுரம் ஒவ்வொன்றையும் சுற்றி 16 தூண்கள். அடியில் அவற்றின் விட்டம் 2.4 மீற்றர். அங்கே 80 தரக் கொங்கிறீற்றும், மேலே செல்லச் செல்லக் குறைந்த தரங்களும் இடப்பட்டன. அதைவிட முக்கியமான பயன் ஒன்றும் இருந்தது: காற்றடிக்கும்போது ஏற்படும் ஆட்டத்தைக் கொங்கிறீற்று உருக்கைவிட விரைவாக அடக்கிவிடும். மேல்மாடியில் குடியிருப்பவருக்குத் தலைசுற்றல் வராமலிருப்பது இதனாலேதான்.

நீங்கள் மாணவர் என்பதால் இந்த இடத்தில் பலம், விறைப்பு ஆகிய இரண்டையும் பிரித்து அறிந்துகொள்ள வேண்டும். பலம் என்பது உடையாமல் தாங்கும் அளவு. விறைப்பு என்பது சுமையின் கீழ் வளையாமல் நிற்கும் தன்மை, பாடநூலில் யங்கின் மட்டு என்று படிப்பீர்கள். அமெரிக்காவின் சியற்றில் நகரில் 1989இல் கட்டப்பட்ட டூ யூனியன் ஸ்குவயர் கட்டடத்தில், சுமார் 3 மீற்றர் விட்டமுள்ள உருக்குக் குழாய்களுக்குள் சதுர மில்லிமீற்றருக்கு 131 நியூற்றன் பலமுள்ள கொங்கிறீற்றை நிரப்பினார்கள். சுமையைத் தாங்க அவ்வளவு பலம் தேவைப்படவில்லை. காற்றுக்கு ஆடாதிருக்கும் விறைப்பே தேவைப்பட்டது. அந்த விறைப்பை எட்டுவதற்காகத் தரத்தை உயர்த்தியபோது பலமும் கூடவே வந்தது. ஆனால் பலம் மூன்று மடங்கானால் விறைப்பு மூன்று மடங்காகிவிடாது. அது ஏறத்தாழ ஒன்றரை மடங்கை ஒட்டியே நிற்கும். இதனால்தான் உயரம் கூடக் கூட, தூணின் அளவைத் தீர்மானிப்பது பெரும்பாலும் காற்றாகிவிடுகிறது.

கட்டடம் முழுவதற்கும் ஒரே தரம் போடுவார்கள் என்று எண்ணிவிடாதீர்கள். சிலாப்பு வளைவைத் தாங்குவது. அதிலே கம்பியே பெரும்பங்கு வேலை செய்கிறது, ஆகவே 35 அல்லது 40 தரமே போதும். இங்கேதான் கவனம் பிசகக்கூடிய ஓர் இடம் இருக்கிறது. 80 தரத் தூண் ஒவ்வொரு மாடியிலும் 35 தரச் சிலாப்பின் தடிப்பைக் கடந்து மேலே போக வேண்டும். அந்த ஆறேழு அங்குலத்திலும் சிலாப்பின் கொங்கிறீற்றே விழுந்துவிட்டால், மேலும் கீழும் கருங்கல்லை வைத்து நடுவிலே செங்கல்லை வைத்ததுபோல ஆகிவிடும். ஆகவே தூணின் தரம் சிலாப்பின் தரத்தைவிட மிகவும் கூடுதலாக இருக்குமிடங்களில், தூணைச் சுற்றி இரண்டடி தூரம் வரை தூணுக்குரிய கொங்கிறீற்றை முதலில் இட்டு, அது இறுகுமுன் சிலாப்புக் கொங்கிறீற்றைக் கொண்டுவந்து சேர்ப்பது ஒரு நல்ல முறை. எந்த வண்டியில் எந்தத் தரம் வருகிறது என்பதைத் தாளில் எழுதி, ஒருவர் பொறுப்பாக நின்று பார்க்க வேண்டிய வேலை இது.

கேள்வி: ரெடிமிக்ஸ் வண்டி ஓட்டுகிறேன். நான்காம் மாடிக்குப் பம்ப் பண்ணும்போதே சில வேளைகளில் குழாய் அடைத்துக்கொள்கிறது. டுபாய்க் கோபுரத்தில் 600 மீற்றர் உயரத்துக்கு எப்படி அனுப்பினார்கள்? – சீனக்குடா வாசகர்

புர்ஜ் கலிபா 828 மீற்றர் உயரமுடையது. 2010 ஜனவரியில் திறக்கப்பட்டது. அதன் மேற்பகுதி உருக்கால் ஆனது; அதற்குக் கீழே முழுதும் கொங்கிறீற்று. சுவர்களின் கீழ்ப்பகுதிக்கு 80 தரமும் மேற்பகுதிக்கு 60 தரமும் இடப்பட்டன. 600 மீற்றருக்கும் மேலே நிலத்திலிருந்தே ஒரே வீச்சில் பம்ப் செய்தார்கள். ஆறு அங்குலக் குழாய் ஒன்றை அந்த உயரத்துக்கு நிறுத்தி நிரப்பினால், குழாய்க்குள் நிற்கும் கொங்கிறீற்று மட்டுமே 25 தொன், அதாவது முன்னர் சொன்ன டிப்பர் ஒன்றின் நிறை. அதைத் தாங்கி நிற்பதற்கே வளிமண்டல அழுத்தத்தைப் போல 140 மடங்கு வேண்டும். நகர்த்த அதற்கு மேலும் வேண்டும்.

குழாய் அடைப்பது பெரும்பாலும், அழுத்தத்தின் கீழ் நீரும் பசையும் முன்னால் ஓடிவிட, கல் பின்னால் குவிந்துவிடுவதால். நீரைக் கூட்டினால் இது மோசமாகுமே தவிரக் குறையாது. அங்கே நுண் தூள்களைக் கூட்டிப் பசையைத் தடிப்பாக்கினார்கள். உயரம் கூடக் கூடக் கல்லின் அளவைச் சிறிதாக்கினார்கள். கோடையிலே பகல் வெப்பத்துக்கு அஞ்சி, கலவை நீரின் ஒரு பகுதிக்குப் பதிலாகப் பனிக்கட்டி போட்டு, இரவிலேயே வார்த்தார்கள். சீமெந்து மிகுந்த கலவை தானாகவே சூடேறும். வெளிச்சூடும் சேர்ந்தால் குழாய்க்குள்ளேயே இறுகத் தொடங்கிவிடும். நமது ஊரின் ஆடி மாத வெயிலும் இலேசானதன்று. முடிந்தவரை உங்கள் வண்டி விடியற்காலையில் வேலைத்தலத்தை அடையட்டும். ஏற்றும் முன் கல்லுக் குவியலை நிழலில் வைத்து நனைத்திருக்கிறார்களா என்று கேளுங்கள்.

கேள்வி: பலம் கூடிய கொங்கிறீற்று தீயையும் நன்றாகத் தாங்குமா? – மூதூர் வாசகி

தாங்குவதில் ஒரு குறை உண்டு. துளைகள் மிகக் குறைவாக இருப்பதால், சூடேறும்போது உள்ளேயிருக்கும் ஈரம் ஆவியாகி வெளியேற வழியின்றி அழுத்தம் கூடுகிறது. மேற்பரப்பு துண்டு துண்டாக வெடித்துச் சிதறுகிறது. இதைத் தடுக்க, கன மீற்றருக்கு ஏறத்தாழ 2 கிலோகிராம் மெல்லிய பொலிபுரொப்பிலீன் நாரைக் கலவையில் சேர்க்கிறார்கள். தீயில் அந்த நார் 160 பாகை செல்சியஸ் அளவிலேயே உருகி, ஆவி வெளியேறுவதற்கு நுண்ணிய வழிகளைத் திறந்துவிடுகிறது. மிக எளிய வழி, மிகச் சிறந்த வழி.

கேள்வி: கடலை ஒட்டிய காணியில் மூன்று மாடி வீடு கட்டத் தொடங்கியிருக்கிறேன். ஒப்பந்தகாரர், ‘60 தரக் கொங்கிறீற்றுப் போட்டால் நூறு வருடம் நிற்கும்’ என்கிறார். செலவு பெரிதும் கூடும்போல் இருக்கிறது. செய்யலாமா? – கிண்ணியாவிலிருந்து ஒரு வாசகர்

வேண்டாம், சகோதரரே. உங்கள் வீட்டின் நடுத்தூணுக்கு மூன்று மாடியும் சேர்ந்து 50 தொன் வந்தால் அதிகம். மாணவருக்குக் காட்டிய அதே கணக்கின்படி, 25 தரக் கொங்கிறீற்றில் ஒன்பது அங்குலச் சதுரம் போதும். பொறியியலாளர் வேறு காரணங்களுக்காக அதைப் பன்னிரண்டு அங்குலமாக்குவார், அவ்வளவே. மேலும் 60 தரம் என்பது பொருளை மட்டும் மாற்றினால் வருவதன்று. கல், மணல், நீர் அனைத்தையும் நிறுத்துப் போடும் ஆலை, இளக்கியின் அளவை அறிந்தவர், நாள்தோறும் கட்டி வார்த்துச் சோதிப்பவர் என்று ஒரு கூட்டமே வேண்டும். அவர்கள் இல்லாமல் போட்ட 60 தரம், பெயரில் மட்டுமே 60.

உங்கள் வீட்டுக்கு உண்மையான பகை சுமையன்று, உப்பு. கடற்காற்றின் உப்பு ஈரத்தோடு கொங்கிறீற்றின் துளைகள் வழியே கம்பியை அடைந்தால், கம்பி துருப்பிடிக்கிறது. துரு இரும்பைவிடப் பல மடங்கு இடம் கேட்பதால் கொங்கிறீற்றைப் பிளந்துகொண்டு வெளிவருகிறது. கடலோரப் பழைய வீடுகளின் சிலாப்புக்கு அடியில், கம்பி ஓடும் நேரே பழுப்புக் கோடு விழுந்து, ஓடு ஓடாகப் பெயர்ந்து தொங்குவதைப் பார்த்திருப்பீர்கள். அதற்கு மருந்து துளை குறைந்த கொங்கிறீற்று. வானுயர் கட்டடக்காரர்களிடமிருந்து நாம் எடுத்துக்கொள்ள வேண்டியது அவர்களுடைய நீர்க்கணக்கையே. 30 அல்லது 35 தரம் கேளுங்கள். சாம்பல் கலந்த, எஸ்.எல்.எஸ். 1247 முத்திரையுள்ள சீமெந்து கடலோரத்துக்கு ஏற்றது. வெளிப்புறத் தூண்களிலும் வளைகளிலும் கம்பிக்கு வெளியே இரண்டு அங்குலம் கொங்கிறீற்று இருக்கும்படி கட்டைகள் வைத்துக் கட்டச் சொல்லுங்கள். கடல்மணல் கூடவே கூடாது. கிணற்று நீர் வாயில் உவர்த்தால் அதுவும் கூடாது.

நீர், பைக்கு 22 முதல் 25 லீற்றர். இதிலே மணலின் ஈரமும் அடங்கும் என்பதைப் பலர் மறந்துவிடுகிறார்கள். மழைக்குப் பின் அள்ளிய மணல் 100 கிலோவுக்குள்ளேயே 5 லீற்றர் நீர் ஒளிந்திருக்கும். அன்றைக்கு அந்த அளவைக் குறைத்தே விட வேண்டும்.

ஒரு வாளித் தண்ணீர் என்ன செய்யும் என்பதை நான் கண்ணால் கண்டவன். இருபது ஆண்டுகளுக்கு முன்னர், நகருக்கு வெளியே ஒரு மூன்று மாடிக் கட்டடத்தில் இரண்டாம் மாடித் தூண்கள் வார்த்துக்கொண்டிருந்தோம். கலவையை அதிரவைத்து இறக்கும் வைப்ரேட்டர் பழுதாகிவிட்டது. கம்பி நெருக்கமான தூணுக்குள் கலவை இறங்கவில்லை என்று, மிக்ஸரடியில் நின்ற பையன் ஒவ்வொரு சுற்றுக்கும், அதாவது ஒவ்வொரு பைக்கும், ஒரு வாளி கூடுதலாக ஊற்றியிருக்கிறான். பார்வைக்கு எல்லாம் அழகாக இருந்தது. அச்சுப் பலகை கழற்றியபோது தூண்கள் கண்ணாடிபோல இருந்தன. 28ஆம் நாள் கட்டிகளை நசுக்கினால், 25க்குப் பதிலாக 15, 16. ஆறு தூண்களை உடைத்து மீண்டும் வார்த்தோம். அந்தப் பையனை நான் குறைசொல்லவில்லை. வைப்ரேட்டர் திரும்பி வரும்வரை வேலையை நிறுத்தியிருக்க வேண்டியவன் நான். பைக்குப் பத்து லீற்றர் கூடினால் பலத்தில் மூன்றிலொரு பங்குக்கு மேல் போய்விடும் என்பது அன்றிலிருந்து எனக்குப் புத்தகக் கணக்காக இல்லை.

இறுதியாக, நனைத்துப் பராமரிப்பது. வைகாசி முதல் ஆவணி வரை நம் பக்கத்தில் வீசும் கச்சான் காற்று, வார்த்த சிலாப்பின் மேல் நீரைச் சில மணி நேரத்திலேயே உறிஞ்சிவிடும். நீர் குறைந்த நல்ல கலவைக்கே இந்த ஆபத்து கூடுதல், ஏனெனில் மேலே கசிந்து வர அதற்குள் மிச்ச நீர் இல்லை. ஆகவே சிலாப்பை மட்டம் தட்டியவுடனேயே பொலிதீனால் மூடிவிடுங்கள். இறுகியதும் சுற்றிலும் சிறு வரம்பு கட்டி நீரை நிறுத்துங்கள். தூண்களை எவரும் நனைப்பதில்லை, வெயிலில் விட்டுவிடுகிறார்கள். பலகை கழற்றிய அன்றே நனைந்த சாக்கைச் சுற்றி, அதன் மேல் பொலிதீன் கட்டி, சாம்பல் கலந்த சீமெந்தானால் குறைந்தது பத்து நாள் ஈரம் காயாமல் வைத்திருங்கள். காலையில் நனைத்துவிட்டுப் போனது மாலையில் காய்ந்திருக்கும். அந்தி சாயும் வேளையில் ஒருமுறை நீங்களே போய் ஒவ்வொரு தூணின் சாக்கையும் தொட்டுப் பார்த்து, காய்ந்திருந்தால் மீண்டும் ஊற்றுங்கள்.